பலகையில் நின்ற பெட்டகம்

போன மாதம் கரவெட்டியில் அம்மம்மாவின் பழைய வீட்டை ஒதுக்கி, அவருடைய முதிரைப் பெட்டகத்தைக் கோண்டாவிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தோம். பட்டா லொறி ஒன்று பிடித்திருந்தேன். லொறிக்காரரோடு உதவிக்கு ஒரு தம்பியும் வந்திருந்தார். பெட்டகம் நாலு பேர் பிடிக்கவேண்டிய சாமான். நாங்கள் மூன்று பேர்தான். அதனால் எட்டடிப் பனம்பலகை இரண்டைச் சேர்த்து லொறித் தட்டில் சாய்த்துவைத்து, அதன்மேல் தள்ளி ஏற்றுவோம் என்று முடிவாயிற்று.

பாதித் தூரம் ஏறியதும் மூச்சு வாங்கியது. "பொறுங்கோ அண்ணை, கயிறு ஒண்டு கட்டி மேலையிருந்து இழுப்பம்" என்று சொல்லிவிட்டு லொறிக்காரர் கையை எடுத்தார். தம்பியும் எடுத்தார். நான் மட்டும் உள்ளங்கையை மரத்தோடு வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஒவ்வொரு விரலாக எடுத்தேன். பெட்டகம் அசையவில்லை. பித்தளைப் பூட்டுத்தகடு வெயிலில் மினுங்க, சரிவின் நடுவில் ஒருவரும் பிடிக்காமல் அப்படியே நின்றது.

வேப்பமரத்துக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்காவின் மகள் கிட்ட வந்தாள். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கிறாள். குனிந்து பெட்டகத்தின் அடியைப் பார்த்தாள்.

"மாமா, ஒருத்தரும் பிடிக்கேல்லையே. ஏன் வழுக்கேல்லை?"

"உராய்வு, பிள்ளை."

"அது தெரியும். எவ்வளவு உராய்வு?"

"நீயே சொல்லு பாப்பம்."

"மியூ ஆர்" என்றாள், யோசிக்காமல்.

எனக்கு உள்ளுக்குள் ஏதோ சுருக்கென்றது. முப்பது வருடங்களுக்கு முன்னர் நானும் இதே பதிலைத்தான் எழுதினேன். அதே வேகத்தில், அதே நம்பிக்கையோடு.

மின்சாரம் இல்லாத தொண்ணூறுகள் அவை. ஜாம்போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் சில துளி மண்ணெண்ணெய், மேலே நூல்திரி. அந்த வெளிச்சத்தில் இணைந்த கணிதம் படித்தோம். கண் எரியும், எண்ணெயை மிச்சம் பிடிக்கவேண்டும், எனவே எதையும் சுருக்கமாகப் பாடமாக்கிக்கொள்வோம். உராய்வு என்றால் மியூ ஆர். மியூ என்பது உராய்வுக் குணகம், இரண்டு பரப்புகள் ஒன்றையொன்று எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் எண். ஆர் என்பது செவ்வன் மறுதாக்கம், தாங்கும் பரப்பு பொருளைச் செங்குத்தாகத் திருப்பித் தள்ளும் விசை. ஒன்றை மற்றதால் பெருக்கு, விடை வரும். ஒரு முன்னோடிப் பரீட்சையில், கரடான சாய்தளத்தில் ஓய்விலுள்ள ஒரு துணிக்கையில் தொழிற்படும் உராய்வு விசையைக் கேட்டிருந்தார்கள். மியூ ஆர் என்று போட்டுப் பெருக்கி எழுதினேன். சேர் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் ஒரேயொரு சொல் எழுதியிருந்தார்: "நழுவுகிறதா?" அந்தச் சொல் விளங்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது. விளங்கிய அன்று விளக்கை ஊதி நூர்த்துவிட்டு இருட்டில் நெடுநேரம் விழித்திருந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

மியூ ஆர் என்பது உராய்வின் எல்லை. அதற்குமேல் அதனால் கொடுக்க ஏலாது. ஆனால் பொருள் அசையாமல் நிற்கும்வரை உராய்வு எவ்வளவு என்பதை மியூ தீர்மானிப்பதில்லை. எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் உராய்வு. கேட்டதைக் கொடுக்கும், கேளாவிட்டால் கொடாது. சமதரையில் சும்மா இருக்கிற அம்மிக்கல்லுக்கும் தரைக்கும் நடுவில் உராய்வு எவ்வளவு? பூச்சியம். அம்மி எவ்வளவு பாரமாக இருந்தாலும், தரை எவ்வளவு கரடாக இருந்தாலும் பூச்சியம்தான். ஒருவரும் தள்ளவில்லையே.

வீட்டுக்குள் போய் அடுப்புக்கரித் துண்டு ஒன்று எடுத்துவந்து, விறாந்தைச் சீமெந்தில் சரிவையும் பெட்டகத்தையும் கீறினேன். மூன்று அம்புக்குறிகள். ஒன்று நிறை, நேரே கீழ்நோக்கி. இரண்டாவது பலகை கொடுக்கும் செவ்வன் மறுதாக்கம், பலகைக்குச் செங்குத்தாக. மூன்றாவது உராய்வு, பலகையோடு ஒட்டி மேல்நோக்கி. மூன்றும் ஒன்றையொன்று சரிக்கட்டி நிற்பதைத்தான் பாடப்புத்தகம் "ஓய்விலுள்ள" என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறது. பெட்டகத்துக்கு அங்கே ஓய்வே கிடையாது. பூமி இழுக்கிறது, பலகை தாங்குகிறது, பலகையின் கரடு பிடித்துக்கொள்கிறது.

(தமிழ்நாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்கு ஒரு சொல்: நாங்கள் இங்கே திணிவு என்பதை அங்கே நிறை என்பார்கள், நாங்கள் நிறை என்பதை அங்கே எடை என்பார்கள். நான் இங்கத்தைய வழக்கத்திலேயே எழுதுகிறேன். ஆர்முடுகல் என்று வந்தால் அதை முடுக்கம் என்று வாசித்துக்கொள்ளுங்கள்.)

சரி, எண்களைப் போட்டுப் பார்ப்போம். லொறித் தட்டு நிலத்திலிருந்து இரண்டரை அடி. பலகை எட்டடி. இரண்டரையை எட்டால் வகுத்தால் 0.31, அதுதான் சரிவுக் கோணத்தின் சைன். கோணம் 18 பாகை அளவில் வருகிறது. பெட்டகத்தின் திணிவை 60 கிலோ என்று வைத்தோம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று எடுத்தால் நிறை 600 நியூற்றன். அதில் சரிவின் வழியே கீழே இழுக்கும் பங்கு ஏறக்குறைய 187 நியூற்றன். பலகையை அமத்தும் பங்கு 570 நியூற்றன். இரண்டையும் கூட்டினால் 600 வரவில்லையே என்று யாரும் திகைக்கவேண்டாம். ஒன்றுக்கொன்று செங்குத்தான கூறுகளை அப்படிக் கூட்டுவதில்லை. ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள், 600 வந்துவிடும்.

மரத்தின் மேல் மரத்துக்கு உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.5 வரை என்று அட்டவணைகளில் போடுவார்கள். நடுவில் 0.4 என்று எடுத்தோம். அப்படியானால் எல்லை உராய்வு 570இன் 0.4 மடங்கு, அதாவது 228 நியூற்றன்.

"இப்ப சொல்லு. பெட்டகம் நிற்கேக்க உராய்வு எவ்வளவு?"

கரிக்கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "187" என்றாள் மெதுவாக. "228 இல்லை. 228 எண்டால் பெட்டகம் தானாக மேலை ஏறவேணும்."

இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. இழுப்பது 187, பிடிப்பது 228 என்றால் மிச்சம் 41 மேல்நோக்கி இருக்கும். பெட்டகம் தானே பலகையில் ஏறி லொறிக்குள் போய் உட்கார்ந்துவிடும். அது நடக்காததே மியூ ஆர் என்ற பதில் பிழை என்பதற்குச் சாட்சி.

அந்த 41 வீணான எண் அன்று, கையிருப்பு. பெட்டகத்தை யாராவது சரிவின் வழியே கீழ்நோக்கித் தள்ளினால், 41 நியூற்றன் வரைக்கும் அது தாங்கும். அதாவது நாலு கிலோ அரிசிப் பையைக் கையில் தூக்கும்போது வேண்டிய பலம். அவ்வளவுதான். லொறித் தட்டு இன்னும் அரையடி உயரமாக இருந்திருந்தால் அந்த இருப்பும் இருந்திராது. கையை எடுத்த உடனேயே பெட்டகம் வழுக்கியிருக்கும்.

மேல்நோக்கித் தள்ளினால் கதை வேறு. இந்த இடத்தில்தான் நாங்கள் கனநேரம் நின்றோம், ஏனென்றால் உராய்வு திசை மாறுவது இங்கேதான். மேல்நோக்கி 100 நியூற்றன் கொடுத்துத் தள்ளுங்கள். பெட்டகம் அசையாது. கீழே இழுக்கிற 187இல் 100ஐ உங்கள் கை தாங்குகிறது, மிச்சம் 87ஐ மட்டும் உராய்வு தாங்கினால் போதும். 187 கொடுத்துத் தள்ளுங்கள். இப்போதும் அசையாது. ஆனால் இப்போது உராய்வுக்கு வேலையே இல்லை, அது பூச்சியம். கரடான பலகையில், சரிவின் நடுவில், அவ்வளவு பாரமான பெட்டகத்துக்கு அடியில் உராய்வு இல்லவே இல்லாத ஒரு கணம்! அதற்குமேலும் தள்ளினால் உராய்வு மறுபக்கம் திரும்பிக் கீழ்நோக்கி நிற்கும். இத்தனை நேரமும் பெட்டகத்தை விழாமல் பிடித்த அதே உராய்வு இப்போது ஏறவிடாமல் மறிக்கும். 187ஐயும் 228ஐயும் கூட்டிய 415 நியூற்றனைத் தாண்டினால்தான் பெட்டகம் மேலே நகரும். கீழ்நோக்கி 41இலிருந்து மேல்நோக்கி 415 வரை, இந்த இடைவெளிக்குள் எவ்வளவு கொடுத்தாலும் பெட்டகம் நின்ற இடத்தில் நிற்கும். உராய்வு மட்டும் ஒவ்வொரு கணமும் தன் அளவையும் திசையையும் மாற்றிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கையால் தூக்கியிருந்தால் 600 வேண்டும். பலகை வைத்ததால் 415. எங்களுக்கு மூச்சு வாங்கியதற்குக் காரணம் பாதிக்குமேல் உராய்வுதான். உராய்வு இல்லாத பலகையாக இருந்தால் 187 போதும், ஒரு ஆளே ஏற்றிவிடலாம். ஆனால் அப்படிப்பட்ட பலகையில் நடுவில் கையை எடுக்க முடியாது.

இந்தக் கணக்கில் நாங்கள் மூழ்கியிருந்தபோது கயிறு வந்துவிட்டது. தம்பி கயிற்றைக் கட்டுவதற்காகப் பெட்டகத்தின் மேல்பக்கமாய்ப் போய், அது கொஞ்சம் கோணலாக நிற்கிறது என்று கண்டு, நேராக்கக் கையால் ஒரு தட்டுத் தட்டினார். சின்னத் தட்டுத்தான். பெட்டகம் ஒருமுறை "கிறீச்" என்றது. அசைந்தது. பிறகு நிற்கவில்லை. முதலில் ஒரு சாண், மெதுவாக, யோசித்து யோசித்துப் போவதுபோல. பிறகு வேகம் எடுத்து நாலடி இறங்கி நிலத்தில் முட்டியது. "விலகு! விலகு!" என்று கத்தினேன். நல்லகாலம், கீழே ஒருவரும் நிற்கவில்லை. ஒரு மூலையில் விரலளவு சிம்பு பெயர்ந்தது. அந்தத் தம்பி நெடுநேரம் கைநடுக்கத்தோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நாலு கிலோ இருப்பில் நின்ற பெட்டகம் அது. அந்தக் கணக்கு எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கட்டை ஒன்றை அடியில் முண்டுகொடுத்திருக்கவேண்டியவன் நான்.

"ஏன் பிறகு நிற்கேல்லை? தட்டினது ஒருக்கால்தானே?" என்று அவள் கேட்டாள். சரியான கேள்வி. தட்டியது ஒரு கணம். அது முடிந்ததும் பழையபடி 187 நியூற்றன்தான் கீழே இழுக்கிறது. முன்பு 187ஐப் பிடித்த உராய்வு இப்போது ஏன் பிடிக்கவில்லை?

ஏனென்றால் ஓடுகிற பொருளுக்கு உராய்வு குறைவு. இயக்கவியல் உராய்வுக் குணகத்தை 0.3 என்று வைத்தால் உராய்வு 171. இழுப்பது 187. மிச்சம் 16 நியூற்றன், கீழ்நோக்கி. 60 கிலோவுக்கு அது சின்ன விசைதான், அதனால்தான் முதலில் மெதுவாகப் போனது. ஆனால் விடாமல் இழுக்கும் விசை. நாலடியைக் கடக்க மூன்று செக்கன் எடுக்கும் என்று கணக்கு வருகிறது. நான் மணிக்கூடு பார்க்கவில்லை. ஆனால் "விலகு" என்று இரண்டு தரம் கத்த நேரம் இருந்தது.

இந்த வித்தியாசத்தை முதலில் தெளிவாகப் பிரித்துச் சொன்னவர் ஒயிலர். 1750இல் வெளிவந்த ஆய்வுகளில், அவரும் சாய்தளத்தை வைத்தே இதை யோசித்தார். பலகையை மெல்ல மெல்லச் சரித்துக்கொண்டு போனால் ஒரு கோணத்தில் பொருள் வழுக்கத் தொடங்கும். ஓடும்போதும் உராய்வு மாறாது என்றால், அந்தக் கோணத்தை மயிரிழை தாண்டியதும் பொருள் மிக மிக மெதுவாகத்தான் நகரவேண்டும். உண்மையில் அது சட்டென்று வேகமெடுத்து ஓடுகிறது. ஆகவே ஓடத் தொடங்கியதும் உராய்வு குறைந்திருக்கவேண்டும். ஒரு பலகையையும் ஒரு கட்டையையும் வைத்து இவ்வளவு தூரம் போயிருக்கிறார். உராய்வுக் குணகத்துக்கு மியூ என்ற எழுத்தைக் கொடுத்தவரும் அவர்தான்.

எங்கள் ஊரில் இந்தப் பாடத்தைப் படிப்பதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் சரிவே இல்லை. சுண்ணக்கல் மேல் விரித்த பாய்மாதிரிக் கிடக்கிற நிலம். கீரிமலையில் மலை இல்லை, பேரில் மட்டும்தான் மலை. சைக்கிளில் சுன்னாகத்திலிருந்து பருத்தித்துறை வரை உழக்கினாலும், எதிர்க்காற்றுக்கு மூச்சு வாங்குமே தவிர ஏற்றத்துக்கு வாங்காது. கண்டிக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போனபோதுதான், நிறுத்திவைத்த லொறியின் பின்சில்லுக்கு அடியில் கல் வைப்பதை முதன்முதலில் பார்த்தேன். மலைநாட்டுப் பிள்ளைக்கு நடந்து பழகும்போதே காலுக்குள் வந்துவிடுகிற விசயத்தை, நாங்கள் கொப்பியில் முக்கோணம் கீறிப் படிக்கிறோம். அதனால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு மியூ ஆர் இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று நினைக்கிறேன். சரிவைக் கண்ணால் கண்டிராத ஆளுக்குச் சூத்திரம் மட்டும்தானே கையில் இருக்கும்.

ஆகவே அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரிவை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கினோம். குசினித் தட்டிலிருந்து கழற்றிய 60 சென்ரிமீற்றர்ப் பலகை ஒன்று, அடிமட்டம், நெருப்புப்பெட்டி, சில்லறைக் காசு, வெண்கட்டி. ஒரு முனையைச் சுவரோடு வைத்து மறுமுனையை மெல்ல உயர்த்தவேண்டும், பொருள் வழுக்குகிற கணத்தில் நிறுத்தி உயரத்தை அளக்கவேண்டும். கோணமானி வேண்டாம். உயரத்தை அடியின் நீளத்தால் வகுத்தால் வருவதே உராய்வுக் குணகம். இதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு. வழுக்கத் தொடங்கும் கணத்தில் கீழே இழுக்கும் பங்கும் எல்லை உராய்வும் சமன். இரண்டு பக்கத்திலும் நிறை இருக்கிறது, அதனால் நிறை வெட்டுப்பட்டுப் போகிறது. மிஞ்சுவது கோணம் மட்டும்.

வெறும் நெருப்புப்பெட்டி 21 சென்ரிமீற்றர் உயரத்தில் வழுக்கியது. குணகம் 0.37. உள்ளே காசுகளை அடைத்துப் பாரமாக்கி வைத்தோம். அவள் 15 என்று சொன்னாள், பாரம் கூடினால் கெதியாக வழுக்கும் என்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. 20, 22, 21. மூன்று தரம் செய்தும் அதே இடத்தைச் சுற்றித்தான். பலகையில் கீறிய வெண்கட்டிக் கோட்டை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, "அப்ப பெட்டகத்துக்குள்ளை அம்மம்மாவின்ரை சீலையெல்லாம் இருந்திருந்தாலும் இப்பிடித்தான் நிண்டிருக்குமா?" என்று கேட்டாள். ஆம், இப்படித்தான். இழுப்பும் கூடும், பிடிப்பும் கூடும், ஒரே விகிதத்தில்.

பிறகு நெருப்புப்பெட்டியைப் பக்கவாட்டில், மருந்து தடவிய ஒடுங்கிய பக்கம் கீழே வரும்படி, நீளம் சரிவின் வழியே இருக்க வைத்தோம். அந்தப் பக்கம் கொஞ்சம் சொரசொரப்பு என்பதால் அதன்மேல் கடதாசி ஒட்டினோம். மற்றப் பக்கத்துக்கும் அதே கடதாசி. தொடும் பரப்பு பாதிக்கும் குறைவு. ஆனாலும் வழுக்கிய உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

நிமிர்த்தி வைத்தபோது வேறொன்று நடந்தது. 17 சென்ரிமீற்றரில் பெட்டி வழுக்காமல் கவிழ்ந்து விழுந்தது. அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அது அன்றைய நல்ல பகுதி. பெட்டியின் தடிப்பு ஒன்றரை சென்ரிமீற்றர், உயரம் ஐந்து. ஒன்றரையை ஐந்தால் வகுத்தால் 0.3. வழுக்குவதற்கு வேண்டியது 0.37. சரிவு 0.3ஐத் தொட்டதுமே நிறையின் கோடு பெட்டியின் கீழ் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது, எனவே வழுக்குவதற்கு முந்தியே கவிழவேண்டும். கணக்கின்படி எந்த உயரத்தில் என்று பார்த்தோம்: 17 சென்ரிமீற்றர். அலுமாரியைப் பலகையில் ஏற்றும்போது நிமிர்த்தி ஏற்றக்கூடாது, படுக்கப்போட வேண்டும் என்று லொறிக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

கடைசியாகப் பாட்டாச் செருப்பு. 38 சென்ரிமீற்றர் வரை பிடிவாதமாக நின்றது. குணகம் 0.8க்கு மேல். ஆனால் ரப்பர் இந்த விதிகளுக்கு முழுதாகக் கட்டுப்படுகிற பொருள் இல்லை. அமத்தினால் உரு மாறிவிடும்.

பாரம் கூடினாலும் கோணம் மாறாது, பரப்பு மாறினாலும் உராய்வு மாறாது என்ற இந்த இரண்டையும் லியனார்டோ டா வின்சி தன் குறிப்பேடுகளில் 15ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கட்டைகள் படம் கீறிக் குறித்துவைத்தார். அவர் வெளியிடவில்லை. 1699இல் பிரான்சில் அமொன்தோன் மறுபடி கண்டுபிடித்து அறிவித்தார். 1785இல் கூலோம், மின்னேற்ற விதியால் நாங்கள் அறிந்த அதே கூலோம், நிறையப் பரிசோதனைகள் செய்து உறுதிப்படுத்தினார். பரப்பு விசயம் மட்டும் பலருக்கும் நெருடிக்கொண்டே இருந்தது. தொடும் இடம் கூடினால் பிடிப்பும் கூடவேண்டாமா? அதற்கு 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் சொன்ன விளக்கம்தான் மனதுக்கு ஆறுதல் தந்தது. எவ்வளவு இழைத்த பரப்பும் நுணுக்கிப் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். பெட்டகம் பலகையைத் தொடுவது முழு அடியாலும் அல்ல, அங்குமிங்குமாகச் சில மேட்டு நுனிகளால். உண்மையில் தொடும் பரப்பு, கண்ணுக்குத் தெரிகிற பரப்பில் மிகச் சிறு பங்கு. பாரம் கூடினால் நுனிகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும். பெட்டியைத் திருப்பி வைத்தாலும் பாரம் அதேதான், எனவே உண்மையாகத் தொடும் பரப்பும் அதேதான்.

இன்னொருவரையும் சொல்லாமல் விட மனமில்லை. சரிவின் வழியே இழுக்கும் பங்கு ஏன் உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தில் இருக்கவேண்டும் என்று அவள் கேட்டபோது, கூறுபடுத்துதல் என்று கொப்பிப் பதிலைச் சொல்ல வாய் வந்தது. அதற்குப் பதில் சுவாமி அறையிலிருந்து அப்பாவின் உருத்திராக்க மாலையை எடுத்துவந்தேன். 1586இல் சிமோன் ஸ்டெவின் என்ற பிளெமிஷ் அறிஞர் இப்படியொரு மாலையைத்தான் கற்பனை செய்தார். ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் அதில் பாதி என்றுள்ள ஆப்பின்மேல் 14 உருண்டைகள் கோத்த வளையம் ஒன்றைப் போடுகிறோம். நீண்ட சரிவில் நாலு, குறுகிய சரிவில் இரண்டு, மிச்சம் எட்டும் கீழே தொங்குகின்றன. உராய்வு கிடையாது என்று வையுங்கள். மாலை சுற்றுமா? சுற்றினால், ஒரு உருண்டை நகர்ந்ததும் பழைய நிலையே திரும்ப வந்துவிடும், எனவே சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும், ஒருநாளும் நிற்காமல். அப்படி ஒன்று நடக்காது. எனவே மாலை நிற்கும். தொங்குகிற எட்டும் இரு பக்கமும் சமமாக இழுப்பதால் அவற்றை வெட்டிவிடலாம். மிஞ்சுவது, நீண்ட சரிவின் நாலு உருண்டைகளைக் குறுகிய சரிவின் இரண்டு உருண்டைகள் பிடித்து நிற்பது. சரிவு இருமடங்கு நீண்டால் இழுப்பு பாதி. ஒரு சூத்திரமும் இல்லை. ஸ்டெவின் இந்தப் படத்தைத் தன் நூலின் முகப்பிலேயே போட்டு, வியப்பு ஆனால் வியப்பில்லை என்ற பொருளில் ஒரு வாசகமும் எழுதினார்.

அன்று பின்னேரம் வளவுப் பனையில் சீவல்காரர் ஏறிக்கொண்டிருந்தார். அவள் பலகையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். "மாமா, பனை 90 பாகை. மியூ எவ்வளவு இருந்தாலும் காணாதே?" உண்மை. நேர்க்குத்தான மரத்தில் நிறை மரத்தை அமத்துவதே இல்லை. நிறையின் செவ்வன் பங்கு பூச்சியம். அப்படியானால் அவரைப் பிடிப்பது எது?

அமத்தத்தை அவரே உண்டாக்குகிறார். தளநாருக்குள், அதாவது மரமேறக் காலில் போடும் நார்வளையத்துக்குள், இரண்டு பாதத்தையும் கொளுவி, உள்ளங்கால்களால் மரத்தை இரண்டு பக்கமும் நெரிக்கிறார், கைகளால் அணைக்கிறார். அவரும் 60 கிலோ என்றால் உராய்வு 600 நியூற்றன் வேண்டும். தோலுக்கும் பனைக்கும் இடையில் குணகம் 0.5 என்று வைத்தாலும், எல்லாமாக 1200 நியூற்றனுக்கு மரத்தை நெரிக்கவேண்டும், தன் உடம்பின் நிறையைப்போல் இரண்டு மடங்கு. கையை மேலே நகர்த்தும்போது அவ்வளவையும் கால்களே கொடுக்கவேண்டும். மழையில் மரம் நனைந்தால் குணகம் குறையும், நெரிப்பு இன்னும் கூடவேண்டும். நாளுக்கு எத்தனை மரம், காலையும் மாலையும் எத்தனை தரம்! பெட்டகத்துக்குப் பூமி சும்மா கொடுக்கிற செவ்வன் மறுதாக்கத்தை, அந்த மனிதர் ஒவ்வொரு சாணுக்கும் தன் தசையால் சம்பாதிக்கிறார். இறங்கி வந்தவரின் உள்ளங்காலை அவள் பார்த்தாள். செருப்புத் தோல்மாதிரித் தடித்திருந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு எங்கே பார்த்தாலும் சரிவுதான். ஆனையிறவைத் தாண்டும்போது உப்புக் குவியல், வீடு கட்டுகிற இடத்தில் ஆற்றுமணல், சந்தையில் சின்ன வெங்காயம். காய்ந்த மணலை மேலிருந்து கொட்டினால் எவ்வளவு கொட்டினாலும் அது 30 பாகைக்குச் சற்று மேலே ஒரு சரிவில்தான் நிற்கும். உயரம் கூடும், அடி அகலும், கோணம் மாறாது. மேலும் ஒரு பிடி போட்டால் ஒரு பக்கம் சரிந்து பழைய கோணத்துக்கு வந்துவிடும். மணல்மணிகளுக்குள் கொளுவலும் இருப்பதால் இதை நெருப்புப்பெட்டியின் கணக்கோடு அப்படியே பொருத்தமுடியாது, ஆனால் சொந்தக்காரர்தான்.

பெட்டகம் இப்போது எங்கள் விறாந்தையில் இருக்கிறது. பெயர்ந்த சிம்பைத் தச்சர் ஒட்டித் தந்தார், கோடு தெரிகிறது. அவள் கொப்பியில் கீறிய படத்தில் உராய்வு அம்புக்குறிக்குப் பக்கத்தில் மியூ ஆர் இல்லை. மியூ ஆருக்குக் குறைவு அல்லது சமன் என்ற சமனிலியைப் போட்டு, கீழே சின்னதாக "நழுவுகிறதா?" என்று எழுதியிருக்கிறாள். சேரின் கதையை நான்தான் சொன்னேன்.

குசினித் தட்டு இன்னும் கழற்றினபடியேதான் கிடக்கிறது, வெண்கட்டிக் கோடுகளோடு. மாரி மழை தொடங்கியதும் அதை முற்றத்தில் ஒரு இரவு நனையவிட்டுத் திரும்ப அளப்பதாக இருக்கிறோம். நனைந்த பலகையில் நெருப்புப்பெட்டி 21ஐவிடக் கீழேயே வழுக்கும் என்கிறாள் அவள். ஈரம் மரத்தை ஊதப்பண்ணிக் கரடாக்கும், மேலே போகும் என்கிறேன் நான்.